ஒரு மூலம், இரண்டு கையேடு: லேடெக்கில் முழு நூலும் சுருக்க அட்டையும்

இன்னிக்கு மென்பொருள் கையேடுகளைப் பத்திப் பேசப்போறேன். தலைப்பைக் கேட்டதுமே சிலருக்குக் கொட்டாவி வரும், தெரியும். ஆனா இந்த நிகழ்ச்சியைக் கேக்குறவங்கள்ல நிறையப் பேர் என்னிக்காவது ஒரு கையேடு எழுதியிருப்பீங்க, இல்லன்னா யாராவது அந்த வேலையை உங்க தலையில கட்டியிருப்பாங்க. உங்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

ஓரளவு பெரிய மென்பொருள் எதுவா இருந்தாலும் அதுக்கு இரண்டு வகைக் கையேடு தேவைப்படும். ஒண்ணு முழுக் கையேடு. இருநூறு முந்நூறு பக்கம் போகும். ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், ஏன் அப்படிச் செய்யும், என்னென்ன தேர்வுகள் இருக்கு, எங்கே சிக்கல் வரும், எல்லாம் அதுல இருக்கும். இன்னொண்ணு சுருக்கக் கையேடு. நாலு பக்கம், இல்லன்னா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிற மாதிரி ஒரே தாள். குவிக் ரெஃபரன்ஸ், சீட் ஷீட், ரெஃபரன்ஸ் கார்டுன்னு பல பேர் இருக்கு. நான் இன்னிக்கு 'அட்டை'ன்னே சொல்றேன்.

இந்த இரண்டையும் ஒரே லேடெக் மூலத்திலிருந்து எப்படி எடுக்கறது? இதுதான் இன்றைய பேச்சு. லேடெக் தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன். சாதாரண உரைக் கோப்பில் நாம எழுதுவோம். 'இது தலைப்பு', 'இது எடுத்துக்காட்டு' என்று குறிகள் போடுவோம். டொனால்ட் நூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் அதைப் படித்துப் பக்கங்களாக அடுக்கி பிடிஎஃப் ஆக்கித் தரும். அந்த டெக்கின் மேல், எழுதறவங்களுக்குச் சுலபமா இருக்கணும்னு 1980களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டினதுதான் லேடெக்.

அட்டை பழசானால் என்ன ஆகும்?

முதல்ல ஒரு எடுத்துக்காட்டு. கிட் பயன்படுத்தறவங்களுக்கு 'கிட் புஷ்' கட்டளை தெரியும். எந்தக் கிளையை அனுப்பணும்னு சொல்லாம, வெறுமனே 'கிட் புஷ்' என்று அடித்தால் என்ன ஆகும்? 2014இல் வந்த கிட் 2.0க்கு முன்னாடி, உங்க கணினியிலும் தொலைவுச் சேமிப்பகத்திலும் ஒரே பெயரில் இருக்கிற எல்லாக் கிளைகளும் போகும். 2.0இலிருந்து, நீங்க இப்போ நிற்கிற கிளை மட்டும்தான் போகும். எழுத்துக்கு எழுத்து அதே கட்டளை. செயல் வேற.

இப்போ 2012இல் அச்சடிச்ச ஒரு அட்டையை நினைச்சுப் பாருங்க. 'கிட் புஷ்: கிளைகளை அனுப்பும்' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதினவர் அன்னிக்குச் சரியாத்தான் எழுதினார். மென்பொருள் நகர்ந்துடுச்சு, அட்டை அங்கேயே நிக்குது.

சரி, அட்டைன்னு ஒண்ணு தப்பா இருந்தா என்ன, முழுக் கையேட்டைப் பார்த்துக்கலாமேன்னு தோணலாம். யாரு எப்போ எதைப் பார்க்கிறாங்கன்னு யோசிங்க. முழுக் கையேட்டை நாம நிதானமா இருக்கும்போது படிப்போம், கற்றுக்கொள்ளப் படிப்போம். அட்டையைப் பார்க்கிறது ராத்திரி ரெண்டு மணிக்கு. சர்வர் விழுந்திருக்கும், மேலதிகாரி ஃபோன்ல இருப்பார், கை நடுங்கும். ஆபத்து அதிகமா இருக்கிற நேரத்துல கையில இருக்கிறது அட்டைதான்.

நான் கையேடு எழுதற வேலையைத்தான் பல வருஷமா செய்யறேன். ஒரு நிறுவனம், பேர் வேண்டாம், பேக்கப் மென்பொருள் தயாரிக்கிறவங்க. அவங்க மென்பொருள்ல மீட்டெடுக்கும் கட்டளை ஒண்ணு. பழைய பதிப்புல தேதி கொடுக்காம அதை அடிச்சா, 'இன்னின்ன கோப்புகள் மீட்கப்படும்' என்று பட்டியல் மட்டும் காட்டும். புதிய பதிப்புல, கடைசியா எடுத்த முழு நகலை நேரடியா மீட்டுடும். முழுக் கையேட்டுல இந்த மாற்றத்தைத் தடித்த எழுத்துல போட்டிருந்தாங்க. அட்டை வேற ஒரு குழு கையில, வேற ஒரு கோப்பில இருந்துச்சு. அதை யாரும் தொடலை.

அவங்க வாடிக்கையாளர் ஒருத்தர் இடத்துல, இரவுப் பணியில இருந்த ஆபரேட்டர் பட்டியலைப் பார்க்கலாம்னு அந்தக் கட்டளையை அடிச்சார். அட்டை லேமினேட் பண்ணி அவர் மேசைக்கு எதிரே சுவத்துல ஒட்டியிருந்துச்சு. புதன்கிழமைத் தரவுகள் மேல ஞாயிற்றுக்கிழமை நகல் வந்து உட்கார்ந்துடுச்சு. மறுநாள் 'நீ மேனுவலைப் படிக்கலையா?' என்று அவரைத்தான் கேட்டாங்க. அவர் படிச்சது அவங்களே அச்சடிச்சுக் கொடுத்த தாள். இதுக்கெல்லாம் பிறகுதான் அட்டையைச் சரிபண்ண என்னைக் கூப்பிட்டாங்க. அங்கே நான் முதல்ல கேட்டது, 'இந்த வரியைத் திருத்தணுமா, இந்த வரி பழசாகிற வழியை அடைக்கணுமா?' என்பதுதான்.

குறளும் உரையும்

இரண்டு ஆவணங்கள் தனித்தனியா இருந்தா, ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு இடத்துல செய்யணும். மனுஷன் ஒரு இடத்துல செய்வான், இன்னொரு இடத்தை மறப்பான். இதுக்கு 'கவனமா இருங்க'ன்னு அறிவுரை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மாற்ற வேண்டிய இடமே ஒண்ணுதான் இருக்கணும்.

இது நமக்குப் பழகின விஷயம்தான். திருக்குறளை எடுத்துக்கங்க. பையில வச்சுக்கிற கையடக்கப் பதிப்பு இருக்கு, குறள் மட்டும். பரிமேலழகர் உரையோட கனமான பதிப்பும் இருக்கு. இரண்டிலும் குறள் அதேதான். கையடக்கப் பதிப்புக்காக யாரும் குறளைச் சுருக்கி எழுதறதில்லை. சேர்க்கிறதும் விடறதும் உரையைத்தான். குறள் எண்ணும் இரண்டிலும் ஒண்ணுதான். சின்னப் புத்தகத்துல ஒரு குறளைப் பார்த்துட்டு, அதே எண்ணை வச்சுப் பெரிய புத்தகத்துல உரையைத் தேடலாம்.

நம்ம கையேட்டுக்கும் இந்த மூணு விதியே போதும். மூலம் ஒண்ணா இருக்கணும். விளக்கத்தை மட்டும் சேர்க்கவும் விடவும் வசதி இருக்கணும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு எண் இருக்கணும். இதை லேடெக்குல எப்படிச் செய்யறதுன்னு பார்ப்போம்.

முதல் வழி: நிபந்தனை போடுவது

எல்லாருக்கும் முதல்ல தோணறது இதுதான். 'முழு' என்று ஒரு சுவிட்ச் வச்சுக்கறது. லேடெக்குல நியூஇஃப் கட்டளையால அதைச் செய்யலாம். சுவிட்ச் போட்டிருந்தா இந்தப் பத்தி வரும், இல்லன்னா வராது. லேடெக்கை அழைக்கும்போதே 'இது சுருக்கப் பதிப்பு' என்று ஒரு சொல்லை வரையறுத்து அனுப்பலாம். ஜாப்நேம் தேர்வு மூலமா வெளியே வர்ற பிடிஎஃப் கோப்புக்கு வேற பெயர் கொடுக்கலாம். ஆக, ஒரே மூலக் கோப்பு, இரண்டு முறை ஓட்டினா இரண்டு பிடிஎஃப்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில பேர் இதுக்கு இன்க்ளூட்ஒன்லியைப் பயன்படுத்தப் பார்ப்பாங்க. அது பெரிய நூலை எழுதும்போது நேரம் மிச்சம் பிடிக்க, ஒரு அத்தியாயத்தை மட்டும் ஓட்டிப் பார்க்கிறதுக்கு வந்தது. இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு கோப்பும் புதுப் பக்கத்துல தொடங்கும். ஒன்றுக்குள் ஒன்று வைக்கவும் முடியாது. நாலு பக்க அட்டைக்கு அது ஒத்துவராது. அட்டைக்கு இன்புட்தான் சரி. கோப்பை அந்த இடத்துலயே அப்படியே படிச்சுக்கும், ஒன்றுக்குள் ஒன்றும் வைக்கலாம்.

நிபந்தனை வழி சின்ன ஆவணத்துக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா வளர வளர, பக்கத்துக்குப் பக்கம் 'முழுவா இருந்தா இது, இல்லன்னா அது' என்று வந்துக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள்ல 'இல்லன்னா' பகுதியில ஆளாளுக்கு வேற வாக்கியம் எழுத ஆரம்பிப்பாங்க. அப்போ ஒரே கோப்புக்குள்ள இரண்டு கையேடு உட்கார்ந்திருக்கும். நகல் பிரச்சினை மறுபடி வந்தாச்சு. இப்போ அது ஒரே கூரைக்குக் கீழே இருக்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி: பதிவுகள்

நான் சிபாரிசு பண்றது இதை. மென்பொருளின் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனிக் கோப்பு. அதை 'பதிவு'ன்னு வச்சுக்குவோம். ஒவ்வொரு பதிவிலும் சில கட்டங்கள் இருக்கும். கட்டளையின் பெயர். அதை எப்படி அடிக்கணும். அது என்ன செய்யும்னு ஒரே வரி. எதுவும் கொடுக்கலைன்னா இயல்பா என்ன நடக்கும். எந்தப் பதிப்பிலிருந்து இப்படி. எச்சரிக்கை. கடைசியில நீளமான விளக்கமும் எடுத்துக்காட்டுகளும்.

இந்தப் பதிவுக் கோப்பில எழுத்தளவு, நிறம், பத்தி என்று தோற்றம் சம்பந்தமான எதையும் எழுதாதீங்க. 'இது பெயர், இது இயல்புநிலை, இது எச்சரிக்கை' என்று மட்டும் சொல்லுங்க. அப்புறம் இரண்டு பாணிக் கோப்புகள் எழுதுங்க. முழுக் கையேட்டின் பாணிக் கோப்பு, பெயரைத் துணைத் தலைப்பாக்கும், எல்லாக் கட்டங்களையும் வரிசையா அச்சிடும், பொருளடைவிலும் சேர்க்கும். அட்டையின் பாணிக் கோப்பு அதே குறிகளைப் படிச்சு, பெயர், அடிக்கும் முறை, ஒரு வரி, இயல்புநிலை, எச்சரிக்கை இவ்வளவையும் சின்ன எழுத்துல, மல்டிகால் பொதி மூலமா மூணு பத்தியா அடுக்கும். நீளமான விளக்கத்தை விட்டுடும்.

ஆக, பதிவு மாறவே இல்லை. அதைப் படிக்கும் விதம்தான் மாறுது. எழுதறவர் 'இது எந்தக் கையேட்டுக்கு?' என்று யோசிக்கவே வேண்டாம்.

இங்கே தொழில்நுட்பமா ஒரு பள்ளம் இருக்கு, சொல்லிடறேன். நீளமான விளக்கத்தை ஒரு கட்டளையின் உள்ளீடா அடைப்புக்குள் வைக்காதீங்க. கையேடுன்னா வெர்பேட்டிம் சூழல்ல எடுத்துக்காட்டுகள் வரும். இன்னொரு கட்டளையின் உள்ளீட்டுக்குள்ள வெர்பேட்டிம் வேலை செய்யாது, பிழை வரும். அதனால விளக்கத்தைத் தனி சூழலா வச்சுக்கங்க. முழுப் பதிப்புல அந்தச் சூழல் சும்மா அச்சிடும். அட்டையில காமென்ட் என்ற பொதி அந்தச் சூழலை முழுசா விழுங்கிடும். உள்ளே வெர்பேட்டிம் இருந்தாலும் கவலை இல்லை. சூழலை முடிக்கிற வரி மட்டும் தனி வரியா, முன்னாடி பின்னாடி எதுவும் இல்லாம இருக்கணும். இதைத் தெரிஞ்சுக்காம மணிக்கணக்கா முட்டிக்கிட்டவங்க நிறையப் பேர்.

எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது

மேலே சொன்ன பட்டியல்ல எச்சரிக்கையும் இயல்புநிலையும் அட்டைக்குப் போற பக்கம் இருக்கு, கவனிச்சீங்களா? இது வேணும்னே செஞ்சது. அட்டைக்கு இடம் போதலைன்னா எல்லாரும் முதல்ல வெட்டறது எச்சரிக்கையைத்தான். 'அதெல்லாம் முழுக் கையேட்டுல இருக்கே'ன்னு சொல்லுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முழுக் கையேடு யார் கையிலும் இல்லை.

அதனால என் விதி இது. ஏன், எப்படி, வரலாறு, ஒப்பீடு எல்லாத்தையும் அட்டையிலிருந்து எடுக்கலாம். ஒரு கட்டளை தரவை அழிக்கும்னாலோ, சொல்லாமலே ஏதாவது செய்யும்னாலோ, அந்த வரியை எடுக்கவே கூடாது. இடம் இல்லைன்னா அந்தக் கட்டளையையே அட்டையிலிருந்து எடுத்துடுங்க. எச்சரிக்கை இல்லாம அழிக்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுக்கிற அட்டையைவிட, அந்தக் கட்டளையே இல்லாத அட்டை மேல்.

இதை மனசுல வச்சுக்கிட்டா மட்டும் போதாது, பாணிக் கோப்பிலயே எழுதிடுங்க. எச்சரிக்கைக் கட்டம் காலியா இருந்தா லேடெக் பிழை காட்டி நிக்கணும். எச்சரிக்கை தேவையில்லைன்னா 'இல்லை' என்று எழுதணும். அப்போதான் எழுதறவர் ஒரு நொடியாவது யோசிச்சிருப்பார்.

வரிசையும் எண்ணும் பதிப்பும்

முழுக் கையேட்டுல கட்டளைகள் தலைப்பு வாரியா வரும்: நிறுவுதல், அமைப்பு, அன்றாட வேலை. அட்டையில அவசர வேலைகள் மேலே வரணும். ஒவ்வொரு பதிவும் தனிக் கோப்பா இருக்கிறதால இது சுலபம். இரண்டு தலைமைக் கோப்புகள். இரண்டும் அதே பதிவுகளை வேற வேற வரிசையில இன்புட் செய்யும். ஒரே கோப்பில பல பதிவுகள் வச்சுக்கணும்னா கேட்ச்ஃபைல்பிட்வீன்டேக்ஸ் என்று ஒரு பொதி இருக்கு. பேர்தான் நீளம். ஒரு கோப்பில நாம அடையாளம் போட்ட பகுதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு வரும்.

அடுத்தது எண். அட்டையில ஒவ்வொரு வரி பக்கத்திலும் 'முழுக் கையேடு, பக்கம் 112' என்று வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! எக்ஸ்ஆர் பொதி இதைச் செய்யும். இன்னொரு ஆவணத்தின் துணைக் கோப்பைப் படிச்சு, அதன் பக்க எண்களை இங்கே கொண்டுவரும். இரண்டு விஷயம் கவனிக்கணும். முழுக் கையேட்டை முதல்ல ஓட்டணும், அதுக்கப்புறம் அட்டை. இந்த வரிசையை மேக்ஃபைல்ல எழுதி வச்சுடுங்க. இன்னொண்ணு, ஒரே பதிவு இரண்டு ஆவணத்திலும் வர்றதால அடையாளப் பெயர்கள் மோதும். எக்ஸ்ஆர் பொதியில முன்னொட்டு கொடுக்க வசதி இருக்கு. 'முழு' என்று ஒரு முன்னொட்டு கொடுத்துட்டா மோதல் தீர்ந்தது.

மூணாவது, பதிப்பு எண். அதை ஒரே ஒரு கோப்பில வையுங்க; அதையும் கையால எழுதாதீங்க. மென்பொருளின் கிட் குறிச்சொல்லிலிருந்து ஒவ்வொரு முறையும் தானா எடுக்கச் சொல்லுங்க. அட்டையின் முதல் பக்கத்துலயே பதிப்பு எண் பெருசா இருக்கட்டும். சுவத்துல ஒட்டின தாளை யாராலும் தானா புதுப்பிக்க முடியாது. அது பழசுன்னு தூரத்திலிருந்தே தெரியறதுக்காவது வழி பண்ணலாம்.

இயந்திரமே காவல் நிற்கட்டும்

பதிவுகள் தனிக் கோப்பா இருக்கிறதுல இன்னொரு லாபம் இருக்கு. மென்பொருள் தன்னோட உதவிப் பட்டியல்ல என்னென்ன கட்டளைகளைக் காட்டுதோ, அதையும் பதிவுக் கோப்புகளின் பெயர்களையும் ஒப்பிட ஒரு சின்ன ஷெல் நிரல் போதும். மென்பொருள்ல இருந்து பதிவு இல்லைன்னா பிடிஎஃப் வரக்கூடாது. பதிவு இருந்து மென்பொருள்ல இல்லைன்னாலும் வரக்கூடாது.

எடுத்துக்காட்டுகளின் வெளியீட்டையும் கையால ஒட்டாதீங்க. கட்டளையை உண்மையாவே ஓட்டி, வர்றதைக் கோப்பில சேமிச்சு, லிஸ்டிங்ஸ் பொதி மூலமா அந்தக் கோப்பையே உள்ளே இழுத்துக்கங்க. இயல்புநிலை மாறினா வெளியீடு மாறும். கிட்டில அந்த வித்தியாசம் கண்ணுல படும். நான் சொன்ன பேக்கப் கதையில இப்படி ஒரு வழி இருந்திருந்தா, பட்டியல் வரவேண்டிய இடத்துல 'மீட்கப்பட்டது' என்று வந்திருக்கும். வாடிக்கையாளர் இடத்துக்குப் போகும் முன்னாடியே யாராவது 'இது என்னப்பா?'ன்னு கேட்டிருப்பாங்க.

பெரியவங்க எப்படிச் செஞ்சாங்க

இதெல்லாம் நான் புதுசாக் கண்டுபிடிச்சது இல்லை. நூத்தின் டெக்புக்கைத் திறந்தா, ஓரத்துல வளைவுச் சாலைக் குறி போட்ட பத்திகள் இருக்கும். முதல் தடவை படிக்கிறவங்க அதைத் தாண்டிப் போகலாம்னு அர்த்தம். ஒரே நூலுக்குள்ள இரண்டு நூல். அவரே உருவாக்கிய வெப் முறையில, ஒரே மூலத்திலிருந்து டேங்கிள் என்ற நிரல் கணினிக்கான நிரலை எடுக்கும், வீவ் என்ற நிரல் மனுஷன் படிக்கிற ஆவணத்தை எடுக்கும்.

லேடெக் உலகத்துல ஃபிராங்க் மிட்டல்பாக்கின் டாக் பொதி இந்த வழியில வந்ததுதான். லேடெக் பொதிகளின் மூலம் பெரும்பாலும் டிடிஎக்ஸ் கோப்பா இருக்கும். அதுல பயனருக்கான விளக்கமும் இருக்கும், உள்ளே இருக்கிற நிரலும் இருக்கும். முன்னுரைப் பகுதியில ஒன்லிடிஸ்கிரிப்ஷன் என்று ஒரு கட்டளை போட்டா, பயனர் பகுதியோட நின்னுடும். அந்த ஒரு வரியில முழு ஆவணம் சுருக்கமாயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாரி/ஜிபி. எண் கோட்பாட்டுக் கணக்கீடுகளுக்கான கட்டற்ற மென்பொருள், பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதுல ஒவ்வொரு சார்புக்கும் ஒரு சின்னக் கோப்பு. உள்ளே 'ஹெல்ப்' என்று ஒரு கட்டம், சுருக்கமா. 'டாக்' என்று இன்னொரு கட்டம், டெக் குறிகளோட விரிவா. நிரலுக்குள்ள ஒரு கேள்விக்குறி போட்டுச் சார்பின் பெயரை அடிச்சா சுருக்கம் வரும். இரண்டு கேள்விக்குறி போட்டா விரிவான விளக்கம் வரும். கையேட்டின் சார்புகள் அத்தியாயமும் அதே கோப்புகளிலிருந்துதான் உருவாகுது. ஆனா அவங்க அச்சு அட்டையைத் தனி டெக் கோப்பாத்தான் வச்சிருக்காங்க. காரணம் எதுவா இருந்தாலும் எனக்கு அதுல ஒரு பாடம் இருக்கு. கணித அட்டையில பக்கத்துல பக்கத்துல எது வரணும்னு தீர்மானிக்கிறது மனுஷக் கண்தான். எல்லாத்தையும் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. உண்மைகளைப் பகிருங்க, அடுக்கற வேலையைக் கையால செய்யுங்க.

தமிழ்ல எழுதும்போது

நம்மள்ல பல பேர் தமிழிலும் கையேடு எழுதறோம். அப்போ கணக்கு இரண்டு மடங்கு: முழு, அட்டை, தமிழ், ஆங்கிலம். நாலு ஆவணம். பழசாகறதுல தமிழ்ப் பதிப்புதான் எப்பவும் முதல்ல நிக்கும். பதிவு முறையில இதுக்கும் வழி இருக்கு. கட்டளைப் பெயர், அடிக்கும் முறை, இயல்புநிலை, பதிப்பு எண் இதெல்லாம் மொழிக்குப் பொது. ஒரே இடத்துல இருக்கட்டும். ஒரு வரி விளக்கம், எச்சரிக்கை, நீளமான விளக்கம் மட்டும் மொழிக்கு ஒண்ணு. இயல்புநிலை மாறினா நாலு ஆவணத்திலும் சேர்ந்தே மாறும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. தமிழுக்கு லுவாலேடெக் இல்லன்னா ஸீலேடெக் பயன்படுத்துங்க. லுவாலேடெக்குல எழுத்துரு அமைக்கும்போது ஹார்ஃப்பஸ் என்று கேட்கணும். அப்போதான் கொம்பும் புள்ளியும் சரியா உட்காரும். இன்னொரு பள்ளம்: எடுத்துக்காட்டு நிரலுக்குள்ள தமிழ்ல குறிப்பு எழுதுவோம் இல்லையா, அங்கே வர்ற சம அகல எழுத்துருவில பெரும்பாலும் தமிழ் எழுத்துகளே இருக்காது. அந்தக் குறிப்பு அச்சுல காணாமப் போயிடும், இல்லன்னா கட்டம் கட்டமா வரும். ஆவணம் பிழையில்லாம முடிஞ்ச மாதிரியே இருக்கும். ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ் மதிப்பை 3 என்று வச்சா, டெக் லைவ் 2021லிருந்து அதைப் பிழையாவே காட்டி நிறுத்தும். எச்சரிக்கை வரி ஒண்ணு காணாமப் போறதைவிட, வேலை நிக்கிறது நல்லது.

வழக்கமா வர்ற இரண்டு கேள்விகள்

இந்தத் தலைப்புல எங்கே பேசினாலும் இரண்டு கேள்வி வரும். 'இப்போ மார்க்டவுன் இருக்கே, எதுக்கு லேடெக்?' நியாயமான கேள்வி. உங்க கையேடு வலையில மட்டும் இருக்கும்னா லேடெக் தேவையில்லை. பதிவு, கட்டம், எச்சரிக்கை விதி எல்லாம் எந்தக் கருவியிலும் செய்யலாம். அச்சு அட்டை வேணும், பக்க எண் வச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகணும், ஒரு தாளுக்குள்ள அடக்கணும்னா, அப்போ லேடெக் கைகொடுக்கும்.

இரண்டாவது, 'ஏற்கெனவே முந்நூறு பக்கம் இருக்கு, எங்கே ஆரம்பிக்கறது?' மொத்தத்தையும் மாத்தாதீங்க. உங்க மென்பொருள்ல தரவை அழிக்கிற, மேலெழுதுற கட்டளைகள் எத்தனை? அஞ்சோ ஆறோ இருக்கும். அதுகளை மட்டும் முதல்ல பதிவாக்குங்க. முழுக் கையேட்டுல அந்தப் பத்திகளை எடுத்துட்டு அங்கே இன்புட் போடுங்க, அட்டையிலும் அதே இன்புட். ஒரு சாயங்கால வேலை. மீதியை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கலாம். அந்த அஞ்சு கட்டளைகளுக்காவது அட்டையும் நூலும் இனி வேற வேற சொல்லாது.

நீங்க ஏதாவது கட்டற்ற மென்பொருளுக்கு அட்டை தயாரிச்சிருந்தீங்கன்னா, இன்னிக்கு அதை எடுத்து ஒவ்வொரு வரியையும் அடிச்சுப் பாருங்க. சோதனைக் கணினியில அடிங்க, உண்மையான சர்வர்ல வேண்டாம். எத்தனை வரி இன்னும் உண்மைன்னு கருத்துப் பகுதியில எழுதுங்க. அடுத்த அத்தியாயத்துல மேக்ஃபைலைப் பத்தி விரிவாப் பேசலாம்.